பவுலை வாசிக்கும் நாத்திகர்கள்: கலாத்தியர் மூன்றுக்கு முன்னால் இரண்டு இருக்கிறது

ஜூலை 6 – ஒரு வாசகரின் கேள்வி

"உயிர்த்தெழுதலைக் கட்டுக்கதை என்று சொல்லும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பவுலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார். இத்தாலியர் ஒருவர் ரோமர் நிருபத்தின் முதல் வசனத்துக்கு மட்டும் ஒரு புத்தகம் எழுதுகிறார். விசுவாசமே இல்லாதவர்களுக்குப் பவுலிடம் என்ன வேலை? இது வாசிப்பா, களவா?"

ஜூலை 6, இரவு

களவு என்று நான் சொல்ல மாட்டேன். புதிய ஏற்பாட்டில் உள்ள அப்போஸ்தலன் பவுலின் கடிதங்களைச் சபைக்காரர்கள் மட்டும் வாசித்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷே 1888இல் 'அந்திக்கிறிஸ்து'வை எழுதியபோது முதல் எதிரியாக நிறுத்தியது பவுலை. இயேசுவிடம் அவருக்கு அந்தக் கோபம் இல்லை. இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1920–21 குளிர்காலத்தில் ஃப்ரைபுர்க்கில் மதத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். தொடக்கத்தில் முறையியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பாடத்தில் மதத்தையே காணோமே என்று மாணவர்கள் முறையிட்டதும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கலாத்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் பவுல் எழுதிய கடிதங்களைக் கையில் எடுத்தார். 'இரவிலே திருடன் வருகிறவிதமாய்' என்ற இடம் அவரைப் பிடித்துக்கொண்டது. நாள் குறிக்க முடியாத ஒன்றுக்காக விழித்திருப்பவனுக்குப் பொழுது எப்படிப் போகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆக, வெளியாட்கள் உள்ளே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதைப் பேசினால் பயன் உண்டு.

ஜூலை 7

முதலில் கேள்வியில் வந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், அலென் பதியூ. புத்தகம் 1997இல் வந்தது. அவர் மார்க்சியர், மாவோவின் வழியில் நடந்தவர், கடவுள் நம்பிக்கை அறவே கிடையாது. உயிர்த்தெழுதல் வெறும் கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்தக் கதையை நம்பிய ஒருவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதில்தான் அவர் கண் இருக்கிறது.

அவர் சொல்வதை என் வார்த்தையில் சொல்கிறேன். இதுவரை இருந்த கணக்கில் சேராத ஒன்று நடக்கிறது. அது நடந்ததற்கு அத்தாட்சி கிடையாது. ஒருவன் அதை நம்பி வெளியே வந்து அறிவிக்கிறான். அறிவித்தபடியே வாழ்ந்தும் காட்டுகிறான். அவனுடைய சாதியோ, ஊரோ, படிப்போ அந்த அறிவிப்புக்குத் தகுதி சேர்ப்பதில்லை, குறைப்பதுமில்லை. அதனாலேயே அது எல்லாருக்கும் உரியதாகிறது. 'யூதர்கள் அடையாளத்தைக் கேட்கிறார்கள், கிரேக்கர் ஞானத்தைத் தேடுகிறார்கள்' என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைப் பதியூ இரண்டு அதிகாரங்களாகப் பார்க்கிறார்: அடையாளத்தை விளக்கத் தெரிந்தவனின் அதிகாரம் ஒன்று, உலகின் ஒழுங்கு தெரிந்தவனின் அதிகாரம் இன்னொன்று. பவுலின் கையில் இரண்டும் இல்லை. பைத்தியம் என்று பெயர் வாங்கத் தயாராக நிற்கிறார்.

1990களின் பிரான்ஸை மறந்துவிட்டு இந்தப் புத்தகத்தைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். 'பிரான்ஸ் பிரெஞ்சுக்காரருக்கே' என்ற முழக்கம் தெருவில் கேட்ட நேரம் அது. இன்னொரு பக்கம் ஒவ்வோர் அடையாளமும் சந்தைக்குப் புது வாடிக்கையாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று பதியூ கோபத்தோடு எழுதுகிறார். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்ற கலாத்தியர் 3:28ஐ ஓய்வுநாள் பள்ளியில் மூச்சு விடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன் நான். டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது, அடியில் சபையின் பெயர் வெட்டியிருக்கும். அர்த்தம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் பதியூவை ஆங்கிலத்தில் படித்தேன். மனப்பாடமாகக் கிடந்த வசனத்தைக் கடவுளை நம்பாத ஒருவர் எடுத்துக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது. அந்த நன்றி இன்றும் இருக்கிறது. இனி நான் எழுதப்போகும் குறைகளை அதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜூலை 9

குறை இதுதான். கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்துக்குப் போகிறவர்கள் இரண்டாம் அதிகாரத்தில் போதுமான நேரம் நிற்பதில்லை.

அங்கே நடப்பது ஒரு சாப்பாட்டுச் சண்டை. இடம் அந்தியோகியா. பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து, அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள். கடைசியில் பர்னபாவும். பவுலோடு ஊர் ஊராக அலைந்த பர்னபா! 'நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்' என்கிறார் பவுல்.

இதில் பேதுரு எந்தக் கொள்கையையும் மறுக்கவில்லை. 'புறஜாதியார் நமக்குச் சமம் இல்லை' என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதாகப் பவுல் எழுதவில்லை. இலையைவிட்டு எழுந்தார், அவ்வளவுதான். கொள்கை அளவில் பேதுருவும் பவுலும் ஒரே பக்கம் என்பதைப் பவுலே அந்த இடத்தில் சொல்கிறார். யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து யாரோடு உட்காருவது என்பது மாறியது. அதுதான் பவுலுக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் அதிகாரத்தின் அந்தப் பெரிய வசனம் இந்தச் சண்டையின் சூட்டோடுதான் வருகிறது. சூட்டை ஆறவிட்டு வசனத்தை மட்டும் எடுத்தால் அது ஒரு நல்ல கருத்து. கருத்தாக அதைப் பேதுருவும் ஒப்புக்கொள்வார்.

பதியூவுக்கு அந்தியோகியா தெரியாது என்று சொல்ல வரவில்லை. அவர் அந்தச் சம்பவத்தின் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதியவர். அதில் பவுலின் இடத்தில் பவுலா என்ற பெண் வருகிறாள். ஆனால் சடங்குச் சட்டம் இனி முக்கியமா இல்லையா என்ற கொள்கைச் சண்டையாகவே அதை எடுத்துக்கொண்டு போகிறார். சாப்பாடு அவருக்கு ஓர் உதாரணம். கலாத்தியரைப் படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாடுதான் அங்கே விஷயம்.

இன்னொன்று. பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவே இல்லை. பேதுரு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தால் பவுல் அதை விட்டுவைத்திருப்பாரா? அன்றைக்கு அந்தியோகியாவில் பவுல் தோற்றுப்போனார் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஜூலை 10

மேலே எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் சபைகளில் அசனம் என்ற பொதுச் சாப்பாடு உண்டு. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். விடிவதற்கு முன்னாலேயே கோவில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, பெரிய செம்பில் சோறு வடித்து, ஓலைப்பாயில் கொட்டி, குழம்பு வாளியோடு வரிசையாகப் பரிமாறுவார்கள். எல்லாரும் தரையில் ஒரே பந்தி. ஒரு வருஷம் நான் குழம்பு வாளி பிடித்தேன். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் தூக்குவாளியோடு செம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். எங்கள் தெரு இல்லை. "உட்காருங்க தாத்தா, இடம் இருக்கு" என்றேன். "இல்லய்யா, வீட்டுக்குக் கொண்டுபோயி சாப்பிட்டுக்கிடுதேன்" என்று வாளியை நீட்டினார். அவரை யாரும் தடுக்கவில்லை. சபையில் அப்படி ஒரு விதியும் இல்லை. பந்தியில் எனக்குத் தெரிந்த முகங்கள் சில நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இலைக்குத் திரும்பின. நான் ஊற்றினேன். வாளி நிறைய ஊற்றினேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை.

அன்று காலை ஆராதனையில் யாராவது கலாத்தியர் 3:28ஐ வாசித்திருந்தாலும் எல்லாரும் ஆமென் சொல்லியிருப்போம்.

ஜூலை 12

"பிரெஞ்சுத் தத்துவம் பேசும் இடத்தில் ஊர்க்கதை எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பவுலின் கடிதத்தை வேதமாக வாசிக்கிற ஊர்களில் அந்த வசனத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்காமல் அதன் பலத்தை எப்படி எடைபோடுவது? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையைவிட்டே விலகினார்கள். நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதும் அந்தச் சண்டைகளில் ஒன்று. வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே இரண்டு சாதிக்கு நடுவில் சுவர் இருந்தது. 1910இல் இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

கொரிந்துவிலும் இதே கதைதான். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் திட்டுவது கர்த்தருடைய பந்தியைப் பற்றி. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிறவனுக்கு மிச்சமில்லை.

ஜூலை 13

பதியூவுக்கும், கேள்வியில் வந்த இத்தாலியர் அகம்பென்னுக்கும் முன்னால் வந்த ஒருவரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. எனக்கு எல்லாரையும்விட அவர்தான் முக்கியம்: ஜேக்கப் தவுபஸ். வியன்னாவில் 1923இல் பிறந்தவர், ரபீ (யூத மதகுரு) குடும்பம், அவரும் ரபீயாகப் படித்தவர். 1987 பிப்ரவரியில் ஹைடல்பெர்கில் சில நாட்கள் ரோமர் நிருபத்தைப் பற்றிப் பேசினார். புற்றுநோய் முற்றிய நிலை. அடுத்த மாதமே இறந்துபோனார். பேச்சின் ஒலிப்பதிவிலிருந்துதான் 1993இல் புத்தகம் வந்தது. எழுதித் திருத்தப்பட்ட நடை அதில் இல்லை. பேசிக்கொண்டே போகிறார், தடம் மாறுகிறார், திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஒன்று சொல்கிறார்.

அதில் ஒரு கதை வருகிறது. கார்ல் ஷ்மிட் ஹிட்லரின் ஆட்சிக்கு வக்காலத்து வாங்கிய சட்ட மேதை. 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவர் முதுமையில் பிளெட்டன்பெர்க் என்ற சிற்றூரில் ஒதுங்கியிருந்தபோது தவுபஸ் அங்கே போய் அவரோடு உட்கார்ந்து ரோமர் 9 முதல் 11 வரை வாசிக்கிறார். ஒரு யூதர், தன் இனத்தை அழித்த ஆட்சிக்குத் துணைபோனவரின் வீட்டில், இஸ்ரவேல் தள்ளப்பட்டுவிட்டதா என்று பவுல் கேட்கும் பகுதியை வாசிக்கிறார். சாவதற்குள் இதை நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தவுபஸிடம் சொன்னவரே ஷ்மிட்தான்.

தவுபஸ் சொன்னது என்ன? ரோமர் 9:3இல் பவுல் 'என் சகோதரருக்காக நானே சபிக்கப்பட்டவனாக வேண்டுமென்று விரும்புவேனே' என்கிறார். தவுபஸ் இதை யாத்திராகமம் 32க்குப் பக்கத்தில் வைக்கிறார். பொன் கன்றுக்குட்டிக்குப் பிறகு கடவுள் ஜனத்தை அழிக்கப் பார்க்கிறார். இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறார் மோசே. பவுல் தன்னை மோசேக்கு எதிரில் நிறுத்திப் பார்க்கிறார், அதே பயம் அவருக்கும் இருக்கிறது என்பது தவுபஸின் வாசிப்பு. பாவநிவாரண நாளின் இரவில் யூதர்கள் செய்யும் ஜெபத்தோடு அதைச் சேர்த்துக் காட்டுகிறார். அந்த ஜெபத்துக்குள் வளர்ந்த ஒருவருக்குத்தான் இது கேட்கும்.

பதியூவின் பவுலுக்கு இந்த வேதனை இல்லை. அவர் பழையதைத் தாண்டிவிட்டவர். தவுபஸின் பவுல் தாண்டவே முடியாமல் நின்று அழுகிறார்.

ஜூலை 15

ஜார்ஜோ அகம்பென்னைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு. புத்தகம் 2000இல் வந்தது, தவுபஸின் நினைவுக்குக் காணிக்கை. ரோமர் முதல் வசனத்தின் பத்து கிரேக்கச் சொற்களை ஆறு நாள் வகுப்பாகப் பிரித்து நடத்துகிறார். வித்தை காட்டுவதற்காக அப்படிச் செய்யவில்லை. கடிதம் முழுவதும் அந்த முதல் வரியில் சுருண்டு கிடக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறார்.

பதியூவோடு அவருக்குள்ள சண்டையை இப்படிச் சொல்லலாம். பவுல் வேற்றுமைகளுக்கு மேலே ஏறி 'மனிதன்' என்ற பொதுவான ஒன்றைக் காட்டவில்லை. யூதன், யூதனல்லாதவன் என்ற கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு போடுகிறார்: மாம்சத்தின்படி, ஆவியின்படி. இப்போது எந்தப் பக்கமும் முழுசாக இல்லை. யூதருக்குள்ளும் பிளவு, மற்றவருக்குள்ளும் பிளவு. ஒரு மீதி எப்போதும் தங்குகிறது. அந்த மீதிதான் ஜனம்.

எனக்கு இதைவிட அவருடைய 1 கொரிந்தியர் 7 வாசிப்பு நெருக்கமானது. 'மனைவிகளுள்ளவர்கள் மனைவிகளில்லாதவர்கள்போலவும், அழுகிறவர்கள் அழாதவர்கள்போலவும்...' அப்பா இறந்தபோது துக்கத்துக்கு வந்த ஒருவர் அம்மாவிடம் இந்த வசனத்தைச் சொல்லி அழாதே என்றார். அம்மா கேட்டுக்கொண்டு சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பல வருஷம் நான் அந்த வசனத்தைத் திறக்கவில்லை. அகம்பென் அதை வேறு மாதிரி படிக்கிறார். அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை, வேறொன்றாக மாற்றச் சொல்லவும் இல்லை. அழுகிறவன் அழுகிறவனாகவே இருக்கிறான். அந்த அழுகைக்கு அவன்மேல் கடைசிச் சொல் மட்டும் இல்லாமல் போகிறது. அன்று அம்மாவிடம் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று இடிக்கிறது. அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னால், அடிமையாய் அழைக்கப்பட்டவனிடமும் கவலைப்படாதே என்கிறார் பவுல். சொத்து உள்ளவன் இல்லாதவன்போல் இருப்பதும் அடிமை அடிமையல்லாதவன்போல் இருப்பதும் ஒன்றா? முதலாமவன் மனதுக்குள் விட்டுவிடலாம். இரண்டாமவனின் உடம்பு இன்னொருவன் கையில் இருக்கிறது. அகம்பென்னின் வாசிப்பு அழகாக இருக்கிற அளவுக்கு இந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. இதற்குப் பிலேமோன் கடிதமே மேல். ஒநேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் தத்துவம் பேசுவதில்லை. அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது, நான் என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நான் தீர்ப்பேன் என்கிறார்.

ஜூலை 16

பவுலைப் பற்றி எழுதியிருக்கும் ஸ்லோவேனியத் தத்துவவாதி ஜிஜெக்கைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். ரோமர் 7, நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) ஆசையைக் கிளப்பிவிடுகிறது என்ற விஷயம், பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் 1959–60 கருத்தரங்கிலேயே வந்துவிட்டது. அங்கே லக்கான் பாவம் என்ற இடத்தில் 'பொருள்' என்று மாற்றிப்போட்டு அந்த வசனத்தை வாசித்துக் காட்டுவார். ஜிஜெக் அதை விரிக்கிறார், வேகமாக எழுதுகிறார். என்னிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூலை 19

இந்தத் தத்துவவாதிகள் காட்டும் பவுல் வரலாற்றுப் பவுல் இல்லை என்ற வரலாற்று ஆய்வாளர்களின் மறுப்பை யாரோ ஒட்டியிருக்கிறார்கள், நல்லது. பவுல் மதம் மாறவில்லை, அழைக்கப்பட்டார் என்றும், குற்றவுணர்ச்சியில் புழுங்கும் பவுல் பிற்கால மேற்கத்திய மனசாட்சி உண்டாக்கியவர் என்றும் கிறிஸ்தர் ஸ்டெண்டால் 1963இல் எழுதினார். ஈ. பி. சாண்டர்ஸ் 1977இல், அன்றைய யூத மதம் பவுலின் உரையாளர்கள் வரைந்ததுபோல் வறட்டுச் சட்ட மதம் அல்ல என்று காட்டினார். 2005இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பதியூ, ஜிஜெக், சாண்டர்ஸ், பவுலா ஃப்ரெட்ரிக்ஸன் எல்லாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஃப்ரெட்ரிக்ஸன் விடாமல் சொல்லிவருவது: பவுல் சாகும்வரை யூதர். யூதர் யூதராக, புறஜாதியார் புறஜாதியாராகவே கூடி வருவார்கள் என்று எதிர்பார்த்தார்.

இது எனக்கு வெறும் வரலாற்றுத் திருத்தம் இல்லை. 'யூதனென்றுமில்லை' என்பதை 'யூதனாக இருக்காதே' என்று ஐரோப்பா பலமுறை வாசித்திருக்கிறது. டேனியல் போயரின் 1994இல் இந்த அபாயத்தை ஒரு யூதராகவே எழுதினார். எல்லாரும் ஒன்று என்று சொல்லும்போது யாருடைய சாப்பாடு, யாருடைய பேச்சு பொதுவானதாக ஆகிறது? ஆட்பலம் உள்ளவர்களுடையதுதானே. அந்தியோகியாவில் பவுல் கேட்டது இந்த ஒன்றாக்குதலை இல்லை. புறஜாதியானை யூதனாக்காதே என்றார். அவன் அவனாகவே இருக்கட்டும், நீ எழுந்து போகாதே. 7ஆம் தேதி நான் பதியூவைப் புகழ்ந்ததோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 22

நான் நின்று பார்க்க விரும்பும் இன்னோர் இடம் காணிக்கை. எருசலேமில் உள்ள தரித்திரருக்காகப் பவுல் வருஷக்கணக்கில் பணம் சேர்த்தார். கொரிந்தியருக்கு வழிமுறையே சொல்கிறார்: வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கபடி தன்னிடத்திலேயே சேர்த்துவைக்கட்டும், நான் வந்த பிறகு தண்ட வேண்டாம். மக்கெதோனியர் கொடுத்ததைச் சொல்லிக் கொரிந்தியரை உசுப்பிவிடுகிறார். பணத்தைத் தான் மட்டும் தொடாமல் சபைகள் நியமித்த ஆட்களோடு கொண்டுபோக ஏற்பாடு செய்கிறார். யாரும் குறை சொல்லக் கூடாதாம். எங்கள் சபைப் பொருளாளர்கள் படிக்க வேண்டிய பகுதி.

இது தர்மம் மட்டும் இல்லை. அந்தியோகியாவில் இலையைவிட்டு எழுந்தார்களே, அவர்களுடைய ஊருக்குத்தான் பணம் போகிறது. புறஜாதியாரின் காசு, யூதரின் பசிக்கு. சாப்பாட்டில் தோற்றதைப் பவுல் காசில் மறுபடி முயல்கிறார் என்று நான் வாசிக்கிறேன். ரோமர் 15இல், கொரிந்துவில் இருந்துகொண்டு, ரோமாபுரிக்கு வர ஆசை, ஸ்பானியாவுக்குப் போக ஆசை, ஆனால் முதலில் எருசலேம் என்கிறார். அப்புறம் ஒரு வேண்டுதல்: அங்கே இந்த உதவி பரிசுத்தவான்களுக்கு ஏற்றதாக இருக்கும்படி எனக்காக ஜெபியுங்கள். வாங்கிக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம்!

வாங்கிக்கொண்டார்களா? அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. யாக்கோபைச் சந்தித்ததைச் சொல்கிறது, ஆலயத்தில் கலகம் நடந்ததைச் சொல்கிறது, பவுலைக் கைது செய்ததைச் சொல்கிறது. பணம் என்ன ஆனது என்று இல்லை.

பதியூ தேடுகிற, நம்பியதை விடாமல் நடத்திக்காட்டும் மனிதன் இங்கேதான் முழுசாக இருக்கிறான். கையில் பணப்பையும் மனதில் பயமுமாகக் கப்பல் ஏறுகிறான்.

ஜூலை 23

எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டவருக்கு: கலாத்தியரை ஒரே மூச்சில் படியுங்கள், ஆறு அதிகாரம்தான். பிறகு ரோமர் 9 முதல் 11, கூடவே 15. அதன் பின் தவுபஸ். பதியூவை அதற்கு அப்புறம் எடுங்கள், சின்னப் புத்தகம், அப்போதுதான் அவரோடு சண்டை போட முடியும். அகம்பென்னுக்குப் பொறுமை வேண்டும், நடுவில் இலக்கண ஆராய்ச்சியும் கவிதை ஆராய்ச்சியும் வரும், தாண்டிப் போகலாம். அசனத்தைப் பற்றித் தனியாக எழுதியிருக்கும் தூத்துக்குடி நண்பருக்கு நாளை விரிவாகப் பதில் போடுகிறேன். உங்கள் சபையில் பந்தி பிரித்ததை எதிர்த்து யார் முதலில் எழுந்து பேசியது, அதையும் எழுதுங்கள்.